அவன் குதிக்கவில்லை

லோம், 12 மே 2009

லூபென்,

நேற்று நீ போன் செய்தபோது உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். நீ விடாமல் அடித்தாய். நான் வயரையே பிடுங்கிவிட்டேன். பேச ஆரம்பித்தால் கத்துவேன், பக்கத்து அறையில் க்ரூம் இருக்கிறான். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. போன் வேண்டாம்.

சனிக்கிழமை க்ரூமைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சந்தைக்குப் போனேன். பேருந்து நிலையச் சுவர் முழுக்க உன் சுற்றுப்பயணச் சுவரொட்டி. ஒரு ஜன்னல். அதிலிருந்து கையை விரித்துப் பாய்கிற ஒரு கறுப்பு உருவம். அதன் கையில் ஒரு பான டின். மேலே பெரிய எழுத்தில் 'அவன் குதிக்கவில்லை'. கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'நீ குதி!'

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. மிளகாய் விற்கிறவளின் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அவள் தண்ணீர் கொடுத்து, "வெயிலாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கூடப் பிறந்தவன் என் புருஷனை டின்னில் அடைத்து விற்கிறான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். எண்பத்தெட்டில் நம் மூன்று பேருக்கும் ஓர் இசைக்குழு இருந்தது. நீ கிடார், நான் பாட்டு, க்ரூம் டிரம்ஸ். அனுமதி இல்லாமல் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தோம் என்று போலீஸ்காரர்கள் க்ரூமை மட்டும் கூட்டிப்போனார்கள். மறுநாள் அவன் அந்தக் கட்டிடத்தின் முற்றத்தில் முதுகெலும்பு உடைந்து கிடந்தான். விசாரணையின்போது தானாகவே ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டான் என்று எழுதி மூடினார்கள். அந்தப் பொய்க்குப் பதிலாகத்தான் நான் பாட்டை எழுதினேன். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு ஆல்பம் போட்டோம், அதற்கும் அதே பெயர். ஊர் ஊராகப் போய் வாசித்தோமே, அந்தப் பயணத்துக்கும் அதே பெயர். வேறு பெயர் நம் வாயில் வரவில்லை. நீதிமன்றத்தில் சொல்ல விடாததைச் சுவர் சுவராக ஒட்டிக்கொண்டு போனோம்.

க்ரூம் சுவரொட்டியைப் பார்த்தான். "சூரியகாந்தி விதை வாங்கினியா?" என்று கேட்டான்.

பெயரை மாற்று. சுற்றுப்பயணம் போ, ஆடு, பாடு, எக்கேடும் கெட்டுப் போ. பெயரை மட்டும் மாற்று.

சோர்னிட்சா


சோஃபியா, 21 மே

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். செருப்பால் அடித்தது போல இருந்தது. சரி, அடி. ஆனால் நான் சொல்வதையும் கேள்.

அச்சாகி வந்த பிறகுதான் அந்தச் சுவரொட்டியை என்னிடம் காட்டினார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. "ஜன்னலையாவது எடுத்துடுங்க," என்றேன். விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் சிரித்துக்கொண்டே, "சார், ஜன்னல்தானே விஷயமே!" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

பெயரை மாற்றச் சொல்கிறாய். மாற்றிப் பார்த்தவன்தான் நான். போன வருடம் வேறு பெயரில் சில ஊர்களில் வாசித்தேன். பாட்டுக் கேட்க வந்தவர்களைவிட நாற்காலி எடுத்துப் போட்டவர்கள் அதிகம். எங்கே போனாலும், "ஓ, 'அவன் குதிக்கவில்லை' குழுவா?" என்றுதான் கேட்கிறார்கள். என் பெயர் யாருக்கும் தெரியாது. உன் பெயரும் தெரியாது. அந்த இரண்டு வார்த்தை மட்டும் தெரியும்.

இப்போது அதற்கும் போட்டி. மிரேலா என்று ஒரு பாட்டுக்காரி, துணியும் குறைவு, குரலும் குறைவு. அவளும் 'அவன் குதிக்கவில்லை' என்று ஒரு பாட்டு விட்டிருக்கிறாள். நீச்சல் குளத்தில் அவள் குதிக்கிறாள், காதலன் கரையிலேயே தயங்கி நிற்கிறான், அவ்வளவுதான் பாட்டு. பாட்டின் தலைப்புக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாதாம், வக்கீல் சொல்கிறார். பிள்ளைகள் என்னிடமே வந்து, "அங்கிள், மிரேலா பாட்டுப் பேரைத் திருடிட்டீங்களா?" என்று கேட்கின்றன. அதனால்தான் நிகழ்ச்சிகளுக்கான பெயராக அதை, இந்தப் பயணத்துக்குப் பணம் போடுகிற பானக் கம்பெனி பதிவு செய்துகொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். இனி வேறு யாரும் அந்தப் பெயரில் ஊர் ஊராகப் போக முடியாது. பாதுகாப்புக்காகத்தான் செய்தேன், நம்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் பயணத்தின் பாதியில் நீ மைக்கைக் கீழே வைத்துவிட்டு க்ரூமைப் பார்த்துக்கொள்ளப் போனாய். போனது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் கல்யாண விருந்துகளிலும் கப்பல் விருந்துகளிலும், வாய் நிறைய மென்றுகொண்டிருக்கிறவர்கள் முன்னால் நின்று அந்தப் பாட்டை உயிரோடு வைத்திருந்தவன் நான். அதை நீ ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாயா?

பெரிய நிகழ்ச்சி ஜூலையில், பர்காஸில். மச்சானை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வா. ஊரே எழுந்து நின்று கை தட்டும். உங்கள் இருவருக்கும் டி-ஷர்ட் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
லூபென்


லோம், 4 ஜூன்

லூபென்,

டி-ஷர்ட் வந்தது. துணி நன்றாகத் தண்ணீர் உறிஞ்சுகிறது. குளியலறைத் தரைக்குப் போட்டிருக்கிறேன்.

உன் மிரேலாவையும் கேட்டேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது ரேடியோவில் ஓடியது. என் ஈறில் பஞ்சை வைத்து அழுத்தியபடியே நர்ஸும் கூடப் பாடினாள். "அவன் குதிக்கல, ஐயோ, அவன் குதிக்கல..." என்னால் வாயையும் மூட முடியவில்லை, காதையும் மூட முடியவில்லை. ஆனால் அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஏதோ ஒரு குளத்தைப் பற்றிப் பாடுகிறாள். உனக்கு எல்லாம் தெரியும்.

தப்பென்று சொல்லவில்லை என்று எழுதிவிட்டு அதைத்தான் சொல்லியிருக்கிறாய். நீ விருந்துகளில் பாடினாய். நான் அவன் முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். எது பாட்டை உயிரோடு வைத்தது என்று நீயே யோசி.

இதுவரை எழுதியதை க்ரூமுக்குப் படித்துக் காட்டினேன். ரசிப்பான் என்று நினைத்தேன். மூஞ்சியைச் சுளித்தான்.

"கேக்கவே அருவருப்பா இருக்கு," என்றான்.

"எனக்கும்தான். உன் மச்சான் பண்ற வேலை அப்படி."

"அவனை மட்டும் சொல்லல. உங்க ரெண்டு பேரையும் சொல்றேன். அவன் என்னை வெச்சு ஆட்டம் போடறான். நீ என் படத்துக்கு மாலை போடற. யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தப் பாட்டுல எல்லாம் 'அவன்' 'அவன்'னுதான் வருது. நான் எங்க இருக்கேன் அதுல?"

சமையலறைக்குப் போய் முட்டைக்கோஸ் நறுக்கினேன். ஒரு கல்யாணத்துக்கு ஆகிற அளவு நறுக்கியிருப்பேன். திரும்பி வந்தபோது அவன் மடியில் செய்தித்தாள் விரித்துக் கிடந்தது. நீ ஒரு நரைத்த தலைக்காரர் தோளில் கை போட்டுக்கொண்டு பல் தெரிய நிற்கிற படம்.

"யாரு இது? கீழ என்ன போட்டிருக்கு, படி."

பானக் கம்பெனியின் முதலாளி திரு. கெர்ஜிகோவ் என்று படித்தேன்.

"பேரை இன்னொரு தடவை படி."

படித்தேன். அன்று அவன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான். காலையில் எழுந்ததும், "லூபெனுக்கு எழுது. பர்காஸ் வரேன். எனக்கு மைக்கு வேணும்," என்றான்.

எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் அவன் அப்படிப் பேசிய பிறகு வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவன் சொன்னதை எழுதிவிட்டேன்.

சோர்னிட்சா


சோஃபியா, 16 ஜூன்

அன்புள்ள அக்கா,

மச்சான் வருகிறான் என்று படித்ததும் அறைக்குள்ளேயே குதித்தேன். (மன்னித்துக்கொள். இந்த வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.)

படுத்துக்கொண்டே வருகிற மாதிரி ஒரு வேன் அனுப்புகிறேன். மேடைக்குப் பின்னால் நாற்காலியை ஏற்றச் சரிவுப் பலகை போடச் சொல்லியாயிற்று. நீ திரைக்குப் பின்னாலேயே இருந்துகொள்ளலாம், உன்னைப் பாடு என்று யாரும் தொல்லை செய்ய மாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவோம்.

கெர்ஜிகோவிடம் சொன்னேன். பெரிய மனிதர், ஆனால் பந்தா கிடையாது. என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், தானே எழுந்து ராக்கியா ஊற்றித் தருவார், தன் தட்டிலிருந்தே இறைச்சியை எடுத்து வைப்பார். மச்சான் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த முட்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அந்த ஆள் இன்னும் உயிரோடவா இருக்கார்?" என்றார்.

"உயிரோட இருக்கறதோட விடல, மைக்கு வேற கேக்கறான்," என்று நான் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். "நல்லது, வரட்டும். முதல் வரிசையில நானே உக்காந்து பாக்கறேன்," என்றார். மனசுள்ள மனிதர், அக்கா. எல்லாப் பணக்காரனையும் நீ ஒரே துடைப்பத்தால் பெருக்கிவிடுகிறாய்.

ஒரே ஒரு வேண்டுகோள். மச்சான் என்ன பேசப் போகிறான் என்று கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்கிறார்கள். 'பர்காஸுக்கு நன்றி' என்று சொன்னால் போதும். கேட்டு எழுது.

லூபென்


லோம், 25 ஜூன்

கேட்டேன். "எழுதிக் குடுக்க முடியாது. அங்க வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்," என்கிறான். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே. வேனில் மெத்தை கெட்டியாக இருக்கட்டும்.

சோ.


சோஃபியா, 23 ஜூலை

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மச்சானை வேனில் ஏற்றியபோது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ திரைக்குப் பின்னால் இருந்தாய். எல்லாம் காதில் விழுந்திருக்கும். பார்த்திருக்க முடியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நாற்காலியை மைக்குக்கு எதிரே கொண்டு நிறுத்தியதும் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மச்சான் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. முதல் வரிசையை மட்டும் பார்த்தான், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஆள் ஆளாக. ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டான். பிறகு பேசினான்.

"என் பேரு க்ரூம். நீங்க பாடற அந்த 'அவன்' நான்தான். நான் குதிக்கல. மூணு பேர் என்னைத் தூக்கி ஜன்னல் வழியா போட்டாங்க. ரெண்டு பேர் எங்க இருக்காங்கன்னு தெரியாது. மூணாவது ஆள் இதோ, எனக்கு எதிர்ல, வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருக்கார். கெர்ஜிகோவ்."

கெர்ஜிகோவின் முகம் அப்படியே வெளிறியதை நான் பார்த்தேன். அடுத்த கணம் கூட்டம் ஓவென்று கத்தியது. அவர்கள் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள், அக்கா! கேமராக்காரன் வெள்ளைச் சட்டையைத் தேடிப் பிடித்துப் பெரிய திரையில் போட்டான். திரையின் மூலையில் டின் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆள் திரையில் தன்னைப் பார்த்தான். எழுந்தான். சிரித்தான். கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவனுக்குக் கை தட்டினார்கள். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது, "குதி! குதி!" என்று. ஆயிரக்கணக்கான பேர், தரையை உதைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மச்சானைப் பார்த்து.

பேஸ் கிடார் வாசிக்கிற டோன்சோ, "ஆரம்பிடா, ஆரம்பிச்சுத் தொலை," என்று பல்லைக் கடித்தான். என் விரல் கம்பிமேல்தான் இருந்தது. அந்த முதல் சுரத்தை நான் குடித்துவிட்டு வாசித்திருக்கிறேன், காய்ச்சலில் வாசித்திருக்கிறேன். அன்று விரல் அழுத்தவில்லை. வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மச்சானின் நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன். முதுகில் டின்கள் வந்து விழுந்தன. சிலது முழு டின்.

அவனை உன்னிடம் விட்டுவிட்டு ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். மேடை ஏறுமுன் கேமராவுக்காக அந்தப் பானத்தைக் குடிக்க வைத்திருந்தார்கள். வாயில் அந்தத் தித்திப்பு. துப்பத் துப்பப் போகவில்லை.

அங்கேதான் கெர்ஜிகோவ் வந்தான். தனியாக வந்தான். என் தோளில் கையைப் போட்டான். காதருகே குனிந்து, கோபமே இல்லாமல் சொன்னான்: "உன் மச்சான் அன்னைக்கே இவ்ளோ நல்லாப் பேசியிருந்தா, ஜன்னல் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம்." பிறகு என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்துவிட்டுப் போனான்.

சட்டையைக் குப்பையில் போட்டுவிட்டேன். கழுத்து இன்னும் அரிக்கிறது. அவன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த இறைச்சியை நான் தின்றிருக்கிறேன். அதை நினைத்தால் என் வயிற்றை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

'ஒலி அமைப்பில் கோளாறு' என்று செய்தித்தாளில் வந்தது. மறுநாளே கம்பெனியிலிருந்து ஒருவன் போன் செய்தான். சுற்றுப்பயணம் நிற்காது, பெயர் அவர்களுடையது. மீதி ஊர்களுக்கு மிரேலா போகிறாள். அவளிடமும் அதே பெயரில் ஒரு பாட்டு இருக்கிறதே, சுவரொட்டியைக்கூட மாற்ற வேண்டியதில்லையாம். நான் அந்தப் பெயரை எந்த நிகழ்ச்சிக்கும் வைக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, "ஆல் தி பெஸ்ட், சார்," என்றான்.

மச்சானுக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

லூபென்


லோம், 9 ஆகஸ்ட்

தம்பி,

எனக்கும் தெரியாது. வேனில் திரும்பி வரும் வழியில்தான் சொன்னான். அந்த அறையில் இருந்தவர்களின் பெயர் அவனுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை, முகம் மட்டும்தான். செய்தித்தாளில் உன் பக்கத்தில் அந்த முகம் இருந்தது. "படத்தை வெச்சு ஒருத்தன்மேல பழி போடக் கூடாது. நேர்ல பாக்கணும்னு இருந்தேன்," என்றான்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்கிட்ட சொன்னா ஊரைக் கூட்டுவ. அவன்கிட்ட சொன்னா, இருக்காது மச்சான்னு சிரிப்பான்," என்றான். ஆக, நம் இரண்டு பேரையுமே அவன் நம்பவில்லை. அருவருப்பாக இருக்கிறது என்று அன்றைக்கு அவன் சொன்னதை இப்போதும் மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போன வாரம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனோம். லிஃப்ட் கிடையாது. வாசலில் நின்ற டாக்ஸிக்காரர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். ஒருத்தன் மூச்சு வாங்கிக்கொண்டே, "எதுக்குண்ணே இந்தப் பாடு?" என்று கேட்டான். "இறங்கும்போது சொல்றேன்," என்றான் க்ரூம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். "அது மேடை நாடகம்னு நினைச்சுத்தான் கையாட்டினேன்னு கெர்ஜிகோவ் பேட்டி குடுத்திருக்காரே. உங்க வார்த்தை, அவர் வார்த்தை. இத்தனை வருஷம் கழிச்சு நான் எதை வெச்சு விசாரிக்கறது?" என்றார். அப்போது கெர்ஜிகோவ் உன் காதில் சொன்னதை நான் சொன்னேன். அவர் பேனாவைக் கையில் எடுத்தார். "அதைக் கேட்டவர் வந்து சொல்லுவாரா?"

கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். உனக்காக நான் எப்படிச் சொல்வது?

அதனால் உன்னிடமே கேட்கிறேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இனி எந்தக் கம்பெனியும் உன்னை மேடை ஏற்றாது. அந்த ஆளுக்கு உன் வீடும் தெரியும். மாட்டேன் என்று நீ எழுதினால் கத்த மாட்டேன். போன் வயரைக்கூட மறுபடி மாட்டிவிட்டேன். சோஃபியாவிலேயே வாக்குமூலம் தரலாமாம், அவர்கள் இங்கே அனுப்பி வைப்பார்களாம்.

எப்படியிருந்தாலும் எழுது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்றாவது எழுது.

அக்கா


சோஃபியா, 20 ஆகஸ்ட்

அக்கா,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். குளிர்காலத்துக்கு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கைவசம் இருக்கிறதாம், வாரா வாரம் நான்தான் நடுவராம். பர்காஸில் காதில் விழுந்ததை மட்டும் நான் மறந்துவிட வேண்டுமாம். கதவைச் சாத்திவிட்டேன். வீரம் என்று நினைத்துவிடாதே. அவன் கையில் ஒரு டின் இருந்தது. அந்த வாசனையை என்னால் தாங்க முடியவில்லை.

இன்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு பெண் அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். மேசைமேல் பாதி தின்ற பனிட்சா. என் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"'அவன் குதிக்கவில்லை' நீங்கதானா? அட! என் பொண்ணு நாள் பூரா அதைத்தான் பாடறா. அந்த நீச்சல் குளத்துப் பாட்டு!"

"அது வேற பாட்டுங்க," என்றேன்.

"ஒரே பேரா? அப்போ உங்களுது எதைப் பத்தி?"

எத்தனையோ பேட்டிகளில் இதைக் கேட்டிருக்கிறார்கள். சுதந்திரம், இளமை, அந்தக் காலம் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இன்று அப்படி எதுவும் வாயில் வரவில்லை.

"ஒரு முற்றத்தைப் பத்தி. சிமெண்ட் முற்றம்," என்றேன்.

பிறகு முதலிலிருந்து சொன்னேன். சாப்பாட்டுக் கூடம், மச்சானைக் கூட்டிப்போனது, மறுநாள் நாம் அவனைப் பார்த்தது, பர்காஸில் வெளிறிய முகம், அப்புறம் கையாட்டியது, காதில் சொன்னது. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். காதில் சொன்ன இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "அப்படியே அவர் வார்த்தையிலயே சொல்லுங்க," என்றாள். சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பனிட்சாவைத் தாளில் சுற்றி ஒதுக்கி வைத்தாள். உட்கார்ந்து, பேனாவை எடுத்து, "அந்த ஜன்னல் எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

இவ்வளவு காலம் அந்தப் பாட்டோடு நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறேன், அக்கா. இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"மூணாவது," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.

லூபென்